கையடக்கப் பாட்டுக்கருவியும் வாங்குபவரின் உரிமையும்

பாட்டை உடன் எடுத்துச் சென்று வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கேட்பது இன்று மிக எளிய செயலாகத் தோன்றினாலும், அந்த வசதி பொறியாளர்களின் திறமையால் மட்டும் கிடைத்துவிடவில்லை. விலைகொடுத்து வாங்கிய பாடலை ஒருவர் படியெடுக்கலாமா, வேறொரு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாமா, நண்பருக்குக் கொடுக்கலாமா என்னும் கேள்விகள் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும், நிறுவனங்களின் ஒப்பந்தப் பேச்சுகளிலும் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும், அரை நூற்றாண்டுக்கு மேல் விவாதிக்கப்பட்டன; கிடைத்த ஒவ்வொரு விடையும் அடுத்து வந்த கருவியின் உருவத்தைப் பாதித்தது. கேசட்டில் தொடங்கி ஐபாடுடன் முடிவுற்ற இந்த வரலாற்றில், வாங்கியவருக்குக் கூடுதல் உரிமை தந்த கருவிகளே பெரும்பாலும் சந்தையில் நிலைத்தன. அந்த உரிமையைச் சுருக்கிய கருவிகள் ஒலித்தரத்தில் உயர்ந்திருந்தும் பின்தங்கின.

நாடாவுக்கு முன்

தூக்கிச் செல்லத்தக்க பாட்டுக்கருவிகளுள் பழையது, சாவி கொடுத்து இயக்கும் சிறிய கிராமஃபோன் பெட்டி. டெக்கா என்னும் பெயரில் 1914-இல் இங்கிலாந்தில் வெளிவந்த அத்தகைய பெட்டி முதல் உலகப்போரின் பதுங்குகுழிகள் வரை சென்றது. ஆனால் அதில் ஓடிய இசைத்தட்டு அரக்குக் கலவையால் ஆனதாகையால் எளிதில் உடைந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் என்ற வேகத்தில் ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாட்டே அடங்கியது. முள் தட்டின் மீது அசையாமல் நிற்க வேண்டியிருந்ததால் நடந்துகொண்டே கேட்பதற்கு வழியே இல்லை.

1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான டிரான்சிஸ்டர், அதாவது சூடேறும் வெற்றிடக் குழாய்க்கு மாற்றாக மின்குறிகையைப் பெருக்கித் தரும் சிறு பொருள், கருவிகளின் எடையையும் மின்தேவையையும் ஒருசேரக் குறைத்தது. 1954-இன் இறுதியில் அமெரிக்காவில் 49.95 டாலருக்கு விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1, 1957-இல் ஜப்பானின் சோனி வெளியிட்ட டிஆர்-63 ஆகிய வானொலிப் பெட்டிகள் இசையைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தன. இருப்பினும் வானொலி கேட்பவருக்கு எந்தப் பாட்டு எப்போது ஒலிக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் நிலையத்திடமே இருந்தது. பெட்டி கேட்பவருக்குச் சொந்தமாயிற்றே தவிர, பாட்டு சொந்தமாகவில்லை.

பிலிப்ஸ் தந்த கேசட்

அந்த நிலையை மாற்றியது நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட். பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரிலிருந்த அந்நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் லூ ஓட்டன்ஸ் என்னும் பொறியாளரின் தலைமையில் இயங்கிய குழு அதை உருவாக்கியது. அதற்கு முன்பிருந்த ஒலிப்பதிவுக் கருவிகளில் திறந்த உருளைகளில் சுற்றிய நாடாவைக் கையால் கோத்து மாட்ட வேண்டியிருக்க, கேசட்டில் இரு சிறு சுருள்களும் நாடாவும் ஒரே ஞெகிழிக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டன. இரும்பு ஆக்சைடு பூசப்பட்ட, 3.81 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஒலித்தலை என்னும் மின்காந்த முனையை உரசிச் செல்லும்போது, அதில் காந்தப் பதிவாக உறைந்திருந்த அலைகள் மின்குறிகையாக மாறி ஒலியாக வெளிப்பட்டன. பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் கேசட்டில் சுமார் 86 மீட்டர் நாடா இருந்தது. பக்கத்துக்கு 45 நிமிடம் ஓடும் கேசட்டில் இன்னும் மெல்லிய நாடா இன்னும் நீளமாகச் சுற்றப்பட்டிருந்தது.

கேசட்டின் வெற்றிக்கு இரண்டு முடிவுகள் அடிப்படையாயின. முதலாவது, ஸ்டீரியோ ஒலிக்கு வேண்டிய இடம், வலம் ஆகிய இரு தடங்களும் நாடாவில் அடுத்தடுத்து வைக்கப்பட்டதால், ஒற்றை ஒலிப்பெருக்கி கொண்ட மலிவான கருவியிலும் அதே கேசட் குறையின்றிப் பாடியது. இரண்டாவதும் பெரியதும் வணிக முடிவு. ஜெர்மனியின் குருண்டிக் நிறுவனம் போட்டியாக மற்றொரு நாடாப்பெட்டியை முன்வைத்த வேளையில், ஜப்பானில் தயாரிக்கப்படும் ஒவ்வொரு கேசட்டுக்கும் உரிமத்தொகை பெறும் எண்ணத்துடன் பிலிப்ஸ் சோனியுடன் பேச்சு நடத்தியது. சோனியின் சார்பில் பேசிய நோரியோ ஓகா அதை ஏற்க மறுக்கவே, 1965-இல் பிலிப்ஸ் தன் வடிவ அளவுகளைப் பின்பற்றும் எந்த நிறுவனத்துக்கும் உரிமத்தொகையின்றி அனுமதி அளிக்க இணங்கியது. எந்த நாட்டில் வாங்கிய கேசட்டும் எந்த நிறுவனத்தின் கருவியிலும் பாடும் என்ற உறுதி அந்த இணக்கத்திலிருந்து பிறந்தது. அதே காலத்தில் அமெரிக்கக் கார்களில் பரவிய எட்டுத்தட நாடாப்பெட்டி பெரும்பாலும் நிறுவனங்கள் பதிந்து விற்ற பாட்டைக் கேட்பதற்கே பயன்பட, கேசட் வெற்றாகவும் விற்கப்பட்டு, வாங்கியவரே பதிந்துகொள்ளவும், அழித்து மீண்டும் பதியவும் இடம்கொடுத்தது. கேட்பவர் தானே தொகுப்பாளராகவும் ஆனது கேசட்டுடன்தான்.

பதிவு வசதியில்லாத வாக்மேன்

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென் விலையில் விற்பனைக்கு வந்த சோனியின் வாக்மேன், கேசட்டைத் தெருவுக்கும் தொடர்வண்டிக்கும் கொண்டுசென்றது. நீண்ட விமானப் பயணங்களில் ஸ்டீரியோ இசை கேட்க இலேசான கருவி வேண்டுமென்று சோனியின் நிறுவனர்களுள் ஒருவரான மசாரு இபுக்கா கேட்டதையொட்டி, செய்தியாளர்கள் பயன்படுத்திய பிரெஸ்மேன் என்னும் சிறு ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து பதிவுப் பகுதியும் ஒலிப்பெருக்கியும் நீக்கப்பட்டு, ஸ்டீரியோச் சுற்று சேர்க்கப்பட்டு, டிபிஎஸ்-எல்2 என்ற முதல் மாதிரி உருவானது. அதுவரை 300 முதல் 400 கிராம் வரை எடையிருந்த ஹெட்போன், அதே நிறுவனத்தின் மற்றொரு பிரிவில் சுமார் 50 கிராமாகக் குறைக்கப்பட்டிருந்ததும் அப்போதே கைகொடுத்தது. உண்மையில் அந்த ஹெட்போன் இல்லையென்றால் வாக்மேன் பைக்குள் அடங்கியும் பயன் இருந்திருக்காது.

பதிய இயலாத நாடாக்கருவியை யார் வாங்குவார் என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே எழுந்தபோது, தலைவர் அகியோ மொரிட்டா மாணவர்களின் கோடை விடுமுறைக்குள் அதை வெளியிட்டே தீர வேண்டுமென்று உறுதியாக நின்றார். முதலில் செய்யப்பட்ட 30,000 கருவிகளில் ஜூலையில் விற்றவை ஏறத்தாழ 3,000 மட்டுமே. ஊழியர்கள் டோக்கியோவின் தெருக்களிலும் தொடர்வண்டிகளிலும் கருவியை மாட்டிக்கொண்டு நடமாடி, வழிப்போக்கர்களின் காதில் ஹெட்போனை வைத்துக் காட்டிய பின்னர், ஆகஸ்டு இறுதிக்குள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. தனியாக இசை கேட்பது பிறரை அவமதிப்பதாகக் கருதப்படுமோ என்று மொரிட்டா அஞ்சியதால் முதல் மாதிரியில் இருவர் கேட்க இரண்டு துளைகளும், இசையைத் தணித்து உடன் கேட்பவரிடம் பேச ஒரு பொத்தானும் இருந்தன. மக்களோ தனித்துக் கேட்பதையே விரும்பினர்; பேசும் பொத்தான் பின்னர் வந்த மாதிரிகளில் கைவிடப்பட்டது. நகரத்தின் பேரோசைக்கு நடுவே ஒருவர் தனக்கென ஓர் ஒலிவெளியை அமைத்துக்கொள்ளும் இந்தப் புதிய வாழ்முறையை ஜப்பானிய இசையறிஞர் சூகேய் ஹொசொகாவா 1980-களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து எழுதினார்.

வாக்மேனில் பதிவு வசதி இல்லாதது குறையாக உணரப்படாமைக்குக் காரணம், அந்த வசதி ஏற்கெனவே வீட்டில் இருந்ததுதான். இசைத்தட்டிலிருந்தும் வானொலியிலிருந்தும் வீட்டுக் கருவியில் பதிந்த கேசட்டே தெருவில் நடந்தவரின் வாக்மேனில் ஓடியது. விற்பனைக்கு வந்த ஒலிநாடாக்களை மட்டுமே நம்பியிருந்தால் அந்தக் கருவி இத்தனை பேரிடம் சென்றிருக்குமா என்பது ஐயமே. கேசட் வாக்மேன் சுமார் 20 கோடி எண்ணிக்கையில் விற்றது. ஜப்பானில் அதன் தயாரிப்பை சோனி 2010-இல் நிறுத்தியது.

வீட்டுப் பதிவும் சட்டமும்

இசை நிறுவனங்கள் வீட்டில் நிகழும் பதிவைத் தம் வருவாய்க்கு நேர்ந்த இழப்பாகக் கண்டன. பதிப்புரிமை என்பது படைப்பை மறுபடி உருவாக்கவும் வெளியிடவும் படைத்தவருக்கும் அவரிடமிருந்து உரிமை பெற்றவருக்கும் சட்டம் அளிக்கும் தனியுரிமை; நாடா வாங்கியவருக்கு அந்த ஒரு நாடாவே சொந்தம், அதிலுள்ள பாட்டைப் பெருக்கும் உரிமை சொந்தமன்று என்பது அந்நிறுவனங்களின் வாதம். இங்கிலாந்தின் இசைத்தொழில் சங்கம் 1980-களின் தொடக்கத்தில், மண்டையோட்டுச் சின்னத்தில் கேசட்டைப் பொருத்தி, வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது என்று விளம்பரம் செய்தது.

நாடுகள் இதற்கு வெவ்வேறு விடை கண்டன. மேற்கு ஜெர்மனி 1965-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தனிப்பயன் பதிவை அனுமதித்து, அதற்கு ஈடாகப் பதிவுக் கருவியின் விலையில் ஒரு தொகையைச் சேர்த்து வசூலித்துப் படைப்பாளிகளுக்குப் பகிர்ந்தளித்தது. 1985-இல் அந்த ஏற்பாடு வெற்று நாடாவுக்கும் நீட்டிக்கப்பட்டது. இங்கிலாந்தில் அத்தகைய ஏற்பாடு வரவில்லை. ஒரு கேசட்டிலிருந்து மற்றொரு கேசட்டுக்கு நேரடியாகப் பதியும் இரட்டை நாடாக்கருவியை விற்ற ஆம்ஸ்டிராட் நிறுவனத்தின் மீது இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், கருவியை விற்பது பதிப்புரிமை மீறலுக்கு அனுமதி அளிப்பதாகாது என்று 1988-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மக்கள் பெருந்திரளாகப் புறக்கணிக்கும் சட்டம் திருத்தப்படவோ நீக்கப்படவோ வேண்டும் என்ற கருத்தையும் தீர்ப்பு எழுதிய டெம்பிள்மன் பிரபு அதில் பதிவு செய்தார். ஆனால் சட்டம் நெடுங்காலம் மாறவில்லை. சொந்தப் பயனுக்குப் படியெடுக்கலாம் என்று 2014-இல் அங்கு வந்த விதிவிலக்கையும் மறு ஆண்டே உயர் நீதிமன்றம் நீக்கியது.

அமெரிக்காவில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிந்து பின்னர் பார்ப்பது நியாயமான பயன்பாடே என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் சோனியின் பீட்டாமேக்ஸ் என்னும் நிகழ்படப் பதிவுக் கருவி பற்றிய வழக்கில் கூறியது. எனினும் தரம் குன்றாமல் படியெடுக்கும் எண்ணியல் நாடாக்கருவி 1987-இல் வந்தபோது இசை நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. காந்த நாடாவில் படியின் படி எடுக்கும்போது இரைச்சல் கூடிக்கொண்டே போகும். எண்களாகப் பதிந்த ஒலியில் ஆயிரமாவது படியும் மூலத்தை ஒத்திருக்கும் என்பதே அவற்றின் அச்சத்துக்குக் காரணம். 1992-இல் இயற்றப்பட்ட வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம், எண்ணியல் பதிவுக் கருவிகளில் படியின் படியைத் தடுக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கி, கருவிக்கும் வெற்று நாடாவுக்கும் கட்டணம் விதித்தது. அதே ஆண்டில் சோனி வெளியிட்ட மினிடிஸ்க் என்னும் சிறு காந்த-ஒளித் தட்டு அந்தத் தடை அமைப்புடனேயே வந்தது. குலுக்கலைத் தாங்கும் உறுதியும் பாடல்களை வரிசை மாற்றும் வசதியும் கொண்டிருந்தும், ஜப்பானுக்கு வெளியே கேசட்டின் இடத்தை அது பிடிக்கவில்லை.

தமிழ் மண்ணில் கேசட்

இந்தியாவில் நீண்ட காலம் இசைத்தட்டு வணிகம் எச்.எம்.வி. என்ற ஒரே பெயருக்குள் ஏறக்குறைய அடங்கியிருந்தது. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் சென்றவர்கள் கொண்டுவந்த, வானொலியும் நாடாக்கருவியும் இணைந்த டூ-இன்-ஒன் பெட்டிகளும், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் உள்நாட்டில் பெருகிய நாடா உற்பத்தியும் அந்த நிலையைக் குலைத்தன. குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் 1983-இல் தொடங்கி மலிவு விலைக் கேசட்டுகளை நாடெங்கும் இறக்கியது. வட இந்தியாவின் வட்டார இசை வகைகள் இவ்வாறு முதன்முறையாகச் சந்தை கண்ட வரலாற்றை அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தமிழ்நாட்டில் கேசட்டின் பயன் பதிவு நிலையங்களில் தெளிவாக வெளிப்பட்டது. ரெக்கார்டிங் சென்டர் என்றே பலகை மாட்டியிருந்த அந்தச் சிறு கடைகளில் வாடிக்கையாளர் எம்ப்டி கேசட் ஒன்றை வாங்கி, தாம் விரும்பிய பாடல்களின் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்துச் சென்றால், கடைக்காரர் தம்மிடமுள்ள இசைத்தட்டுகளிலிருந்து வரிசைப்படி பதிந்து, உள்ளட்டையில் பாடல்களின் முதலடிகளை எழுதித் தருவார். படம்தோறும் நாலைந்து பாடல்களாக நிறுவனம் கட்டிக் கொடுத்ததை அவிழ்த்து, பாடகர்வாரியாகவும் இசையமைப்பாளர்வாரியாகவும் மனநிலைக்கேற்பவும் கேட்பவரே அடுக்கிக்கொண்ட முறை இங்கு வழக்காயிற்று. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே உருவான பர்மா பஜார், வெளிநாட்டு வாக்மேன்களும் நாடாக்களும் கிடைக்கும் இடமாகப் பெயர் பெற்றது. கோயில் திருவிழாவின் பக்திப் பாடல், வில்லுப்பாட்டு, மேடைப் பேச்சு எனத் திரைக்கு அப்பாற்பட்ட ஒலிகளும் கேசட்டில் ஏறி, பெரிய நிறுவனத்தின் துணையின்றி ஊர்தோறும் சென்றன.

ஈழத்தில் இந்தப் பயன் இன்னும் கடுமையான நிலைமைகளிலும் தொடர்ந்தது. 1990-களில் இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கியதால், மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலியையும் பாட்டுப்பெட்டியையும் இயக்கினர். பாட்டைத் தமதாக வைத்திருக்கும் விருப்பம் எத்தனை ஆழமானது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இந்தியச் சட்டத்தின் பார்வையில், உரிமையாளரின் அனுமதியின்றி வணிக நோக்கில் நடந்த பதிவு குற்றமே. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 1984-இல் வந்த திருத்தம் தண்டனையைக் கூட்டியதுடன், தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் விவரம், வெளியிட்ட ஆண்டு ஆகியவற்றைக் கேசட்டின் மீது அச்சிடுவதைக் கட்டாயமாக்கியது. வாங்கியவர் தம் சொந்தப் பயனுக்குப் படியெடுப்பது நியாயமான பயன்பாடு என்னும் விதிவிலக்கு ஒலிப்பதிவுகளுக்கு வெளிப்படையாக விரிவுபடுத்தப்பட்டது 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். கேசட்டின் காலமே முடிந்த பிறகு.

எம்பி3-யும் ரியோ வழக்கும்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோரின் ஆய்வில் விளைந்த எம்பி3, உரத்த ஒலிக்கு அருகில் மெல்லிய ஒலியைச் செவி உணர்வதில்லை என்னும் மறைப்பு விதியைப் பயன்படுத்தி, கேட்கப்படாத பகுதிகளை நீக்கி ஒலிக்கோப்பைச் சுருக்கும் முறையாகும். குறுந்தட்டில் நொடிக்கு 14 இலட்சம் பிட்டுகளுக்கு மேல் இடம் பிடிக்கும் இசை, இம்முறையில் 1,28,000 பிட்டுகளுக்குள் அடங்கியது. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. கோப்புகளுக்கு இப்பெயர் 1995-இல் முடிவாயிற்று.

1998-இல் தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் எம்பிமேன் என்ற கருவியையும், அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா ரியோ பிஎம்பி300 என்ற கருவியையும் வெளியிட்டன. சுழலும் பகுதி எதுவுமில்லாத ஃபிளாஷ் நினைவகத்தில், 32 மெகாபைட்டில் ஏறத்தாழ அரைமணி நேரப் பாட்டு மட்டுமே அடங்கியது. அக்காலக் கேசட் ஒன்றைவிடவும் குறைவு. ஆயினும் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் அதே ஆண்டு அக்டோபரில் ரியோவைத் தடைசெய்யக் கோரி வழக்குத் தொடுத்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் தடை அமைப்பு அதில் இல்லை என்பது குற்றச்சாட்டு. 1999 ஜூனில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்கவில்லை. கணினியின் வன்தட்டு பல பயன்களுக்கானது, இசைப்பதிவு ஊடகம் என்று சட்டம் குறிப்பிடும் பொருள் அதுவன்று. ரியோ செய்வதெல்லாம் பயனர் ஏற்கெனவே வைத்துள்ள பாட்டை வேறிடத்தில் கேட்க உதவுவதே. நேரத்தை மாற்றிப் பார்க்க பீட்டாமேக்ஸ் உதவியதைப் போல இடத்தை மாற்றிக் கேட்க இது உதவுகிறது. தனிப்பயனைக் காப்பதே அந்தச் சட்டத்தின் நோக்கம் என்று நீதிபதிகள் விளக்கினர். இந்தத் தீர்ப்பு வேறுவிதமாக அமைந்திருந்தால் பின்வந்த கருவிகள் பலவும் கடைக்கு வந்திருக்க மாட்டா. ரியோவின் வழக்குதான் பிற கருவிகளுக்கெல்லாம் வாயிலைத் திறந்தது.

சோனியின் தயக்கமும் ஐபாடின் எழுச்சியும்

வாக்மேனைப் படைத்த சோனி இந்த மாற்றத்தில் முன்னணியில் நின்றிருக்க வேண்டும். ஆனால் 1988 முதல் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸ் என்னும் பெரிய இசை நிறுவனத்தின் உரிமையாளராகவும் இருந்ததால், கருவி விற்பவரின் நலனும் பாட்டு விற்பவரின் நலனும் ஒரே நிறுவனத்துக்குள் மோதின. 1999 இறுதியில் வந்த அதன் மெமரி ஸ்டிக் வாக்மேனில் எம்பி3 கோப்பை நேரடியாகப் போட இயலவில்லை. ஏட்ராக் என்ற தன் சொந்த வடிவத்துக்கு மாற்றி, பூட்டு மென்பொருளின் வழியாக, எண்ணிக்கை வரம்புக்குட்பட்டே ஏற்ற வேண்டியிருந்தது. கேசட் காலத்தில் உரிமத்தொகையில்லாத பொது வடிவத்துக்காக வாதாடி வென்ற நிறுவனமே, எண்ணியல் காலத்தில் மூடிய வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. 2004-இல் அது எம்பி3-ஐ ஏற்கத் தொடங்கியபோது சந்தை கைமாறியிருந்தது.

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிவித்த ஐபாட், தோஷிபாவின் 1.8 அங்குல வன்தட்டில் 5 கிகாபைட் இடத்துடன், ஏறத்தாழ 1,000 பாடல்களை 399 டாலர் விலையில் கையில் அடக்கியது. எந்த எம்பி3 கோப்பையும் அது ஏற்றது. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. இசையைத் திருடாதீர் என்ற வேண்டுகோள் அதன் உறைமீது மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. அதே வேளையில், ஐபாடிலிருந்து மற்றொரு கணினிக்குப் பாட்டைத் திரும்ப எடுக்கும் வழி பயனருக்குத் தரப்படவில்லை. 2003 ஏப்ரலில் தொடங்கிய ஐடியூன்ஸ் கடையில் ஒரு பாடல் 99 செண்டுக்கு விற்கப்பட்டபோது, இசை நிறுவனங்களின் நிபந்தனைப்படி அந்தக் கோப்புகளுக்குப் பூட்டு போடப்பட்டது. வாங்கியவர் அதை முதலில் மூன்று கணினிகளிலும், பின்னர் ஐந்து கணினிகளிலும் மட்டுமே கேட்கலாம். வேறு நிறுவனத்தின் கருவிக்கு நேரடியாக மாற்றலாகாது. மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்ட சூன் கருவியில் ஒருவர் மற்றொருவருக்குக் கம்பியின்றிப் பாட்டு அனுப்பலாம் என்றிருந்தாலும், பெற்றவர் அதை மூன்று நாளுக்குள் மூன்று முறை மட்டுமே கேட்க இயன்றது.

2007 பிப்ரவரியில் ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடல், தம் கடையில் விற்ற பாடல்களின் சராசரி ஓர் ஐபாடுக்கு 22 மட்டுமே என்றும், நிறைந்த ஐபாடில் அது மூன்று விழுக்காட்டைக்கூட எட்டாது என்றும் கூறியது. எஞ்சிய தொண்ணூற்றேழு விழுக்காடும் பூட்டில்லாத பாட்டு என்பதே இதன் பொருள்; பயனர் குறுந்தட்டிலிருந்து தாமே படியெடுத்ததும் பிற வழிகளில் பெற்றதுமே உலகின் பாட்டுக்கருவிகளை நிரப்பியிருந்தன. அவ்வாண்டே ஈஎம்ஐ என்னும் இசை நிறுவனம் பூட்டை நீக்க முன்வந்தது. 2009-இல் மற்றப் பெரிய நிறுவனங்களும் ஐடியூன்ஸ் கடையில் அதைப் பின்பற்றின. இடையில் 2008-இல், தன் பழைய இசைக்கடையில் விற்ற பாடல்களைத் திறந்துதரும் கணினிச் சேவையை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பணம் கொடுத்தவர்கள் புதிய கணினிக்குத் தம் பாடல்களை மாற்ற இயலாமற்போகும் என்ற எதிர்ப்பு எழுந்ததும் கெடு நீட்டிக்கப்பட்டது. பூட்டியவரிடமே சாவி இருக்கும்வரை வாங்குதல் முழுமை பெறாது என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

தமிழ்நாட்டில் ஐபாட் விலை பலருக்கு எட்டாததாக இருந்தது. நடைபாதைகளில் விற்ற எம்பி3 குறுந்தட்டுகளும், அவற்றுக்குப் பின் கைபேசிக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் வழக்கமும் இங்கு அந்த இடத்தை நிரப்பின. பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய பழைய முறையின் நேர்வாரிசே மெமரி கார்டு வணிகம். உரிமையாளருக்கு ஒரு காசும் சேராத குறையும் அதனுடன் சேர்ந்தே தொடர்ந்தது.

சொந்தம் போய் வாடகை வந்தது

2007-இல் வந்த ஐபோனும் அதைப் பின்தொடர்ந்த கைபேசிகளும் தனிப் பாட்டுக்கருவியைத் தேவையற்றதாக்கின; 2008-இல் சுவீடனில் தொடங்கி 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாட்டை வாங்கும் தேவையையே நீக்கின. 2022 மே மாதத்தில் ஆப்பிள் ஐபாடின் கடைசி மாதிரியையும் நிறுத்தியது. மாதச் சந்தாவுக்குக் கோடிக்கணக்கான பாடல்கள் கிடைப்பது கேட்பவருக்குப் பெரிய நன்மை. கேட்ட அளவுக்கேற்ப உரிமையாளருக்குத் தொகை சேர்வதும், அது போதுமா என்ற வழக்கு நீடித்தாலும், திருட்டுப் பதிவைவிட மேலானதே. ஆனால் சந்தா நின்றால் கைபேசியில் இறக்கி வைத்த பாட்டும் ஒலிக்காது; நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் முறிந்தால் ஒரு படத்தின் பாடல்கள் முழுவதும் ஒரே நாளில் பட்டியலிலிருந்து மறையலாம். கேசட் வாங்கியவருக்கு நேராத இழப்பு இது. கருவி கையில் இருந்தும் பாட்டு கேட்பவருடையதாக இல்லாத வானொலிக் கால நிலைமை, தெரிவு செய்யும் சுதந்திரம் ஒன்று மட்டும் கூடுதலாக, மீண்டும் வந்துள்ளது.

இந்த வரலாற்றின் முடிவு தெளிவானது. படைத்தவருக்கு உரிய பணம் சேர வேண்டும் என்பதும், வாங்கியவர் தம் பயனுக்குப் படியெடுக்கும் உரிமை பெற வேண்டும் என்பதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஜெர்மனியின் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒருங்கே காக்க இயலும் என்று காட்டியது. தமிழரைப் பொறுத்தவரை இது வெறும் வசதிப் பிரச்சினை அன்று. கேசட்டில் மட்டுமே வெளிவந்த பக்திப் பாடல்களும் வில்லுப்பாட்டும் கூத்தும் சொற்பொழிவும், நமது தட்பவெப்பத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடித்து, காந்தப் பூச்சு உதிர்ந்து, வீடுகளின் அலமாரிகளில் அழிந்துகொண்டிருக்கின்றன. வணிகப் பயன் இல்லாத இவற்றை எந்தச் சந்தாச் சேவையும் தேடி வந்து காப்பாற்றப் போவதில்லை. சொந்தப் பயனுக்குப் படியெடுப்பதைச் சட்டமே இன்று ஏற்கும் நிலையில், அத்தகைய கேசட்டுகளை வைத்திருப்போர் அவை கெடுமுன் எண்ணியல் கோப்பாக மாற்றி வைப்பதும், அரிய பதிவுகளின் மூல நாடாவை ஆவணக் காப்பகங்களுக்கு அளிப்பதும், இன்று விரும்பிக் கேட்கும் பாடல்களில் சிலவற்றையேனும் பூட்டில்லாத கோப்பாகவோ குறுந்தட்டாகவோ விலைகொடுத்து வாங்கி வைப்பதும் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய கடமைகள்.